நஷ்டம் ஊருக்கு, லாபம் ஒருவருக்கு

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் வாலிபத் தோழர்கள், அமெரிக்காவிலே கட்டப்படுகிற ஸ்டேடியங்களைப் பற்றி இன்று பேசும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கோடீஸ்வரர் ஒருவருடைய பந்தாட்ட டீமுக்கு மைதானம் கட்டிக் கொடுக்க, ஜனங்களுடைய வரிப்பணத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தார்களாம். "பணக்காரனுக்கு ஏழை ஏன் கொடுக்க வேண்டும்? அந்த நாட்டில் எல்லோரும் படித்தவர்கள்தானே, அவர்களுக்கு இது ஏன் விளங்கவில்லை?" என்று என்னைக் கேட்டார்கள். நல்ல கேள்வி. படிப்புக்கும் அறிவுக்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த ஒரு விஷயமே காட்டிவிடும்.

நான் காலேஜில் படித்தவனல்ல. மளிகைக் கடையில் கணக்கெழுதப் போய், பொட்டலம் கட்ட வந்த பழைய பத்திரிகைகளைப் படித்தே உலக விஷயம் தெரிந்து கொண்டவன். ஆகையால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எந்தப் பெரிய மனிதர் எவ்வளவு அலங்காரமாகப் பேசினாலும், "பற்று யார் பேரில், வரவு யார் பேரில்?" என்று கேட்பேன். இன்றைக்கும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

ஊர்ப் பெயர், ஒருவர் சொத்து

அமெரிக்காவில் கால்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டு. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், எதிரியை முட்டித் தள்ளுவதும்தான் ஆட்டம். அதன் பெரிய லீக்கில் 32 டீம்கள் இருக்கின்றன. பேஸ்பால் என்ற ஆட்டத்தின் பெரிய லீக்கில் 30 டீம்கள். பெரும்பாலான டீம்களுக்கு ஓர் ஊரின் பேரோ மாகாணத்தின் பேரோ இருக்கும். ஜனங்கள் அதை "நம்ம டீம்" என்பார்கள். ஜெயித்தால் தெருவில் கூத்தாடுவார்கள்; தோற்றால் சாப்பிடாமல் படுப்பார்கள். ஆனால் தோழர்களே, ஒரே ஒரு கால்பந்து டீமைத் தவிர மற்ற 31ம் தனிப்பட்ட முதலாளிகளுடைய சொத்து. ஊருக்கு அதில் ஒரு காசு பாத்தியதை கிடையாது. ஊர் கொடுத்தது பேரும் அன்பும்; முதலாளி வைத்திருப்பது பத்திரமும் சாவியும்.

இன்னொரு சூக்ஷ்மத்தையும் கவனிக்க வேண்டும். நம் தெருவில் ஒரு டீக்கடைக்காரர், "எனக்கு ஊரார் கட்டிடம் கட்டித் தராவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன்" என்றால், "போய் வா" என்போம்; மறுநாள் அதே இடத்தில் வேறொருவர் அடுப்பு மூட்டுவார். டீம் விஷயத்தில் அது நடக்காது. ஏனென்றால் மொத்தம் எத்தனை டீம் இருக்கலாம், எந்த ஊரில் இருக்கலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் அந்த முதலாளிகளே. கேட்கிற ஊர்களின் எண்ணிக்கையைவிட டீம்களின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும்படி பார்த்துக் கொள்ளுகிறார்கள். பந்தியில் பத்துப் பேரை உட்கார வைத்து எட்டு இலை போட்டால் என்ன நடக்கும்? இலைக்கு அடிபிடி நடக்கும். அந்த அடிபிடிதான் இவர்களுடைய மூலதனம்.

ராத்திரியில் போன லாரிகள்

1984ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 28ந் தேதி இரவு. பால்டிமோர் நகரத்துக் கோல்ட்ஸ் என்ற கால்பந்து டீமின் முதலாளி, ஊர் தூங்குகிற நேரத்தில் லாரிகளைக் கொண்டு வந்து, டீமின் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் ஏற்றி, விடிவதற்குள் இண்டியானாபோலிஸ் நகரத்துக்கு அனுப்பிவிட்டார். ஏன் ராத்திரியில்? அந்த மாகாணச் சட்டசபை, பொது நன்மைக்காக நிலத்தை எடுத்துக் கொள்ளுவது போல டீமையும் எடுத்துக் கொள்ள ஒரு சட்டம் செய்யப் பார்த்தது. அதற்கு முன்பே தப்பித்துக் கொண்டார். இண்டியானாபோலிஸில் பெரிய கூரை வேய்ந்த ஸ்டேடியம் ஒன்றை முன்கூட்டியே கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இழந்த பால்டிமோர் நகரத்தார் என்ன செய்தார்கள்? இந்த முறையே அநியாயம் என்று மற்ற ஊர்களோடு சேர்ந்து எதிர்த்தார்களா? இல்லை. லாட்டரிச் சீட்டுப் பணத்தைக் கொண்டு ஸ்டேடியம் கட்டித் தருகிறோம் என்று ஆசை காட்டி, கிளீவ்லண்டு நகரத்து டீமை இழுத்துக் கொண்டார்கள். தங்களைப் பறிகொடுக்க வைத்த அதே வழியில் இன்னோர் ஊரைப் பறிகொடுக்க வைத்தார்கள். 1995 நவம்பர் 6ந் தேதி அந்த முதலாளி, "நான் பால்டிமோருக்குப் போகிறேன்" என்று அறிவித்தார். மறுநாள் 7ந் தேதி கிளீவ்லண்டில் வோட்டு. எதற்கு வோட்டு? பழைய ஸ்டேடியத்தைச் செப்பனிடுவதற்காக மதுபானத்தின் மீதும் சிகரெட்டின் மீதும் போட்ட வரியை நீட்டிப்பதற்கு. நூற்றுக்கு 72 பேர் "சரி, வரி கட்டுகிறோம்" என்று வோட்டுப் போட்டார்கள். அப்படியும் டீம் போய்விட்டது. 1999இல் புது டீம் வந்தது. அதற்குப் புது ஸ்டேடியமும் பெரும்பாலும் பொதுப் பணத்தில் எழுந்தது.

அதோடு விட்டதா? இன்றைய முதலாளிக்கு அந்த ஸ்டேடியமும் போதவில்லை. ஊருக்கு வெளியே வேறொன்று கட்ட, ஒஹையோ மாகாணம் 2025ஆம் வருஷத்து பட்ஜெட்டில் 60 கோடி டாலர் ஒதுக்கியது. எந்தப் பணத்திலிருந்து தெரியுமா? கேட்பாரில்லாமல் சர்க்கார் வசம் இருந்த தனிப்பட்ட ஜனங்களின் பணத்திலிருந்து. அதை எதிர்த்து வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

சொல்லுகிற சமாதானங்கள்

இப்படிக் கொடுப்பதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்? ஸ்டேடியம் வந்தால் ஊரில் வேலை பெருகும், வியாபாரம் பெருகும், வரி வருமானம் பெருகும், போட்ட பணம் தானே திரும்பி வரும் என்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வைத்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஊரில் ஸ்டேடியம் வந்துவிட்டதென்றால் அந்த ஆயிரம் இரண்டாயிரமாகிவிடுமா? சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போன பணம் இப்போது ஸ்டேடியத்துக்குப் போகும். ஒரு பையிலிருந்த காசு மறு பைக்கு மாறினதே தவிர, புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை. அதுமட்டுமா? பக்கத்து ஓட்டல்காரரிடம் கொடுத்த காசு அந்த ஊரிலேயே சுற்றும். டீம் முதலாளிக்கும் பல லட்சம் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரருக்கும் கொடுத்த காசு, அவர்கள் எங்கே வீடு வைத்திருக்கிறார்களோ அங்கே போய்விடும்.

வேலை என்கிறார்களே, கால்பந்து ஸ்டேடியத்தில் வருஷத்துக்குச் சுமார் 10 நாள்தான் ஆட்டம். இடையில் ஏதாவது சங்கீதக் கச்சேரி நடக்கலாம். மற்ற நாள் பூட்டு. டிக்கட்டுக் கிழிக்கவும் பலகாரம் விற்கவும் அந்தப் பத்து நாளைக்கு ஆள் வேண்டும். இதற்குப் பெயர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் உத்தியோகமா?

இது என் சொந்த யூகமல்ல. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் பலருடைய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1997ஆம் வருஷத்திலேயே ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார்கள். ஆராய்ந்த ஸ்டேடியங்களில் எதுவும், போட்ட பொதுப் பணத்துக்கு ஏற்ற பலனை ஊருக்குக் கொடுத்ததாகக் காணோம் என்று முடிவு கண்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அதையேதான் சொல்லுகின்றன. எத்தனையோ விஷயத்தில் ஒருவரோடொருவர் சண்டையிடும் பொருளாதாரக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் பெரும்பாலும் ஒரே பேச்சாக இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்டேடியத்துக்கு முன்பும், "கொட்டோ கொட்டென்று கொட்டும்" என்று கூலிக்கு ஓர் அறிக்கை எழுதித்தர ஆள் கிடைத்துவிடுகிறான்.

"நாங்கள் உள்ளூரார் மீது வரி போடவில்லை, ஓட்டலில் தங்குகிற வெளியூரார் மீதுதான் போடுகிறோம்" என்று இன்னொரு சமாதானம். லாஸ் வேகாஸில் அப்படித்தான் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் கொடுத்து, ஓக்லண்டு நகரத்து ரெய்டர்ஸ் டீமை 2020இல் கொண்டு வந்தார்கள். அந்த வரியைக் கட்டுகிறவன் வெளியூரானாகவே இருக்கட்டும். வசூலாகிற பணம் உள்ளூர்ப் பணந்தானே? அதைக் கொண்டு பள்ளிக்கூடம் கட்டினால் செங்கல் நிற்காதா?

டீம் இல்லாத ஊரானும் தப்பவில்லை. நகரசபைகள் வெளியிடுகிற கடன் பத்திரத்துக்கு அமெரிக்க மத்திய சர்க்கார் வரிவிலக்குக் கொடுக்கிறது. ரோடும் பாலமும் போடுவதற்காக ஏற்பட்ட சலுகை அது. 2000ஆம் வருஷத்துக்குப் பின் கட்டிய அல்லது பெரிய அளவில் புதுப்பித்த 45 ஸ்டேடியங்களில் 36க்கு இந்தச் சலுகையைப் பயன்படுத்திக் கொண்டார்கள் என்றும், அதனால் மத்திய சர்க்காருக்கு 320 கோடி டாலர் நஷ்டம் என்றும் புரூக்கிங்ஸ் ஆராய்ச்சிக் கழகத்தார் 2016இல் கணக்கெடுத்தார்கள். ஸ்டேடியத்தைக் கண்ணால் கண்டிராத குடியானவன் மீதும் பற்று எழுதியாகிவிட்டது.

ஆஸ்பத்திரியை விற்ற கதை

சின்சினாட்டி என்று ஒரு நகரம். அது ஹாமில்டன் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே டீம் முதலாளிகள், புது ஸ்டேடியம் இல்லாவிட்டால் போய்விடுவோம் என்று மிரட்டினார்கள். 1996 மார்ச்சில் ஜனங்கள் வோட்டுப் போட்டு, ஒவ்வொரு டாலர் விற்பனைக்கும் அரை சென்டு வரியை ஏற்றுக் கொண்டார்கள். ஒன்றுக்கு இரண்டாக ஸ்டேடியம். கால்பந்துக்கு ஒன்று 2000இல், பேஸ்பாலுக்கு ஒன்று 2003இல். இந்த வரியிலிருந்தே வீட்டுக்காரர்களுக்கு வீட்டு வரியில் ஒரு பாகம் தள்ளுபடி கிடைக்கும் என்றும் வாக்குக் கொடுத்தார்கள்.

நடந்தது என்ன? எதிர்பார்த்த வரி வசூலாகவில்லை. செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. கொடுத்த வாக்கின்படி தள்ளுபடியைக் கொடுக்க முடியாமல் குறைத்தார்கள். பின்னாளில் ஸ்டேடியக் கணக்கில் விழுந்த ஓட்டையை அடைக்க, ஜில்லாவுக்குச் சொந்தமான ஒரு பொது ஆஸ்பத்திரியையே விற்றார்கள். தாய்மார்களே! இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். வியாதியஸ்தன் படுக்கிற கட்டிலை விற்று, பந்தாட்டம் பார்க்கிறவன் உட்காருகிற நாற்காலிக்குப் பணம் கட்டினார்கள்.

அந்தக் கால்பந்து டீமோடு செய்துகொண்ட குத்தகைப் பத்திரத்தில் இன்னொரு விசித்திரம். ஸ்டேடியத்துக்கு வருங்காலத்தில் வரக்கூடிய புதுச் சாதனங்களையும் ஜில்லாவே வாங்கித் தர வேண்டும் என்று ஷரத்து. அதிலே, ஆட்டத்தின் காட்சியை அந்தரத்தில் உருவமாக நிறுத்திக் காட்டும் யந்திரமும் ஒன்று. அப்படி ஒரு யந்திரம் ஸ்டேடியங்களில் அப்போது எங்கும் கிடையாது. பிறக்காத பிள்ளைக்கு ஊரார் செலவில் தொட்டில்!

ஸென்ட் லூயிஸ் நகரத்தார் 1995இல் பொதுப் பணத்தில் ஸ்டேடியம் கட்டி, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு டீமை வரவழைத்தார்கள். இந்த ஸ்டேடியம் நாட்டிலுள்ள சிறந்த நாலில் ஒரு பங்கு ஸ்டேடியங்களில் ஒன்றாகவே எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குத்தகையை முறித்துக் கொள்ளலாம் என்று பத்திரம். மற்ற ஊர்களில் புதிது புதிதாக எழும்போது, பழசானது எப்படி முன்வரிசையில் நிற்கும்? 2016இல் டீம் திரும்ப லாஸ் ஏஞ்சலிஸுக்கே போயிற்று. டீம் போன பிறகும் ஜனங்கள் கடன் கட்டினார்கள். அவர்கள் வழக்காடி 2021இல் 79 கோடி டாலர் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். எல்லா ஊருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

ஸீயாட்டில் நகரத்தில் 1976இல் திறந்த கிங்டோம் என்ற ஸ்டேடியத்தை 2000ஆம் வருஷம் மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் கடன் எப்போது தீர்ந்தது? 2015இல். செத்துப்போன மாட்டுக்குப் பதினைந்து வருஷம் தீனிக் காசு கட்டினது போல!

இதற்கிடையே முதலாளிகளின் வரவைப் பாருங்கள். வாஷிங்டன் நகரத்துக் கால்பந்து டீமை 1999இல் ஒருவர் ஸ்டேடியத்தோடு சேர்த்து 80 கோடி டாலருக்கு வாங்கினார். 2023இல் 605 கோடி டாலருக்கு விற்றார். "நம்ம டீம்" என்று தொண்டை கிழியக் கத்தின ரசிகன் எவனுக்காவது அதில் ஒரு டாலர் வந்ததா?

முடியாது என்று சொன்ன ஊர்கள்

"சரி, முடியாது என்று சொன்னால் டீம் போய்விடுமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான், சில சமயம் போய்விடும். நான் மறைக்க விரும்பவில்லை. ஸீயாட்டில் ஜனங்கள் 2006இல், லாபமில்லாமல் டீம்களுக்கு நகரத்துப் பணம் கொடுக்கக் கூடாது என்று நூற்றுக்கு 74 பேர் வோட்டுப் போட்டார்கள். 2008இல் 41 வருஷம் அங்கே இருந்த கூடைப்பந்து டீம் ஒக்லஹோமா நகரத்துக்குப் போய்விட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அழுதார்கள். ஊர் அழிந்து போயிற்றா? இல்லை.

கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ஜாக்ஸன் ஜில்லாவில் 2024 ஏப்ரலில், டீம்களுக்கான விற்பனை வரியை நீட்டிக்க முடியாது என்று நூற்றுக்கு 58 பேர் சொன்னார்கள். இரண்டு மாதத்தில், எல்லைக்கு அந்தப்புறம் இருக்கிற கான்சாஸ் மாகாணம், செலவில் நூற்றுக்கு 70 வரை கடன் பத்திரத்தால் தருகிறோம் என்று சட்டம் செய்துவிட்டது. 2025 டிசம்பரில் கால்பந்து டீம், 2031இல் நாங்கள் எல்லை தாண்டுகிறோம் என்று அறிவித்துவிட்டது. முன்னே சொன்ன எட்டு இலைப் பந்தி இதுதான்.

ஆனால் சான்பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். 1987 முதல் 1992 வரை அந்த நகரத்திலும் அதன் வட்டாரத்திலும் பேஸ்பால் ஸ்டேடியத்துக்காக நான்கு தடவை ஜனங்களிடம் வோட்டுக் கேட்டார்கள். நான்கு தடவையும் "முடியாது" என்றே சொன்னார்கள். டீம் புளோரிடாவுக்குப் போக மூட்டை கட்டியது. கடைசியில் உள்ளூர்ப் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து டீமை வாங்கி, பெரும்பாலும் தங்கள் பணத்திலேயே ஸ்டேடியம் கட்டி 2000இல் திறந்தார்கள். 2019இல் அதே ஊரில் கூடைப்பந்து டீம் ஒன்றும் சொந்தப் பணத்திலேயே அரங்கம் கட்டிக்கொண்டது. ஊரார் கை கொடுக்காவிட்டால் முதலாளிக்குத் தன் கை இருப்பது ஞாபகம் வருகிறது!

உண்மையாகவே நம்ம டீம்

ஆரம்பத்தில் ஒரே ஒரு கால்பந்து டீமைத் தவிர என்றேனே, அது கிரீன் பே என்ற சிற்றூரின் டீம். ஊர் ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். நியூயார்க், சிக்காகோ போன்ற பட்டணங்களோடு அது சரிசமமாக ஆடுகிறது. 1923 முதல் அது பொதுஜனங்களின் கம்பெனி. இன்று அதற்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். பங்குக்கு லாபமோ வட்டியோ கிடையாது. லாபத்துக்கு விற்கவும் முடியாது. யாரும் பெரும்பாகத்தை வளைத்துக்கொள்ள முடியாதபடி உச்சவரம்பும் உண்டு. அந்த ஊரிலும் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 2000ஆம் வருஷம் வோட்டெடுத்து விற்பனை வரி போட்டார்கள். 2015இல் அந்த வரியை எடுத்தும் விட்டார்கள். வரி அங்கேயும் உண்டு. ஆனால் ராத்திரியில் லாரி கொண்டு வர ஒரு முதலாளி இல்லை.

இவ்வளவு நன்றாக நடக்கிறதே, மற்ற ஊர்களும் அப்படிச் செய்யலாமே என்றால், கூடாது என்று லீக்கே விதி வைத்திருக்கிறது. பழைய டீம் என்பதற்காக கிரீன் பேயை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியிலோ கால்பந்துச் சங்கங்களில், ஒருசில விலக்கு நீங்கலாக, பாதிக்கு மேல் ஒரு வோட்டாவது அங்கத்தினர் கையில் இருக்க வேண்டும் என்று 1998 முதல் விதி. அங்கே ஆட்டம் கெட்டுப் போகவில்லை, கூட்டமும் குறையவில்லை.

தோழர்களே! நான் விளையாட்டுக்கு விரோதியல்ல. ஓர் ஊர் முழுவதும் ஜாதி, பணம் எல்லாவற்றையும் மறந்து ஒரே சமயத்தில் எழுந்து நின்று ஆரவாரம் செய்வது நல்ல சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு ஊரார் காசு கொடுக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சந்தோஷத்துக்கென்றே கேட்டால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஆனால் லாபம் வரும் என்று பொய் சொல்லிக் கேட்கக் கூடாது. போய்விடுவேன் என்று மிரட்டிக் கேட்கக் கூடாது. அன்பை அடகு பிடிக்கிற வியாபாரம் யோக்கியமான வியாபாரமல்ல.

நியாயம் மிகவும் சுருக்கமானது. டீம் அவருடையது என்றால் ஸ்டேடியத்தையும் அவரே கட்டிக்கொள்ளட்டும். ஸ்டேடியத்தை ஊர் கட்ட வேண்டுமென்றால் டீமிலும் ஊருக்குப் பங்கு இருக்கட்டும். பற்று ஊர் பேரிலும் வரவு ஒருவர் பேரிலும் எழுதுகிற கணக்கை எங்கள் மளிகைக் கடையில்கூட ஒரு நாள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்காக்காரன் பணம், நமக்கென்ன என்று போய்விடாதீர்கள். உலகத்தில் எங்கே யார் "ஊர்ப் பெருமை" என்று சொல்லி உங்களிடம் கையேந்தினாலும் நான்கு கேள்வி கேளுங்கள். யார் பணம்? யார் சொத்து? லாபம் வந்தால் யாருக்கு? நஷ்டம் வந்தால் யாருக்கு? நான்குக்கும் ஒரே பதில் வந்தால் யோசிக்கலாம். முதலாவதற்கும் கடைசிக்கும் "ஊர்" என்றும், நடுவில் இரண்டுக்கும் "நான்" என்றும் பதில் வந்தால், கையை மடியிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.

நான் சொன்னதையும் இதே கேள்வி போட்டுச் சோதித்து, சரி என்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.